ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாநிலத்தில் ஒரு கோடிக் குழந்தைகளுக்கு முகாம் நடத்தித் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த வயதுக் குழந்தைகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்காய்ச்சல், பிறவி இதய நோய், பாம்புக்கடி, குளத்தில் மூழ்குவது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு கோடிக்கு ஆண்டில் 5,000 பேர். நாளொன்றுக்குச் சுமார் 14 பேர். அப்படியானால் ஊசிக்குள் வெறும் தண்ணீர் இருந்தாலும், போட்ட 24 மணி நேரத்துக்குள் 14 குழந்தைகள் இறந்திருப்பார்கள். ஒரு வாரம் என்று எடுத்தால் சுமார் 96 பேர்.

நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவார்கள்; குளத்தில் மூழ்கியதற்கு யாரும் ஊசியைக் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மீதி இருக்கும். நேற்று வரை ஓடி விளையாடிய பிள்ளை, இன்று ஊசி போட்டது, ராத்திரி காய்ச்சல், விடிவதற்குள் போய்விட்டது. அந்தத் தாயிடம் போய்க் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை சொன்னால் காதில் ஏறுமா? ஏறாது. ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு.

ஏனென்றால் அந்த 14-இல் ஒன்று நிஜமாகவே ஊசியால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். கண்காணிப்பு என்று ஒரு ஏற்பாடு இருப்பதே அந்த ஒன்றைப் பிரித்தெடுக்கத்தான். ஊசியே காரணம் என்று ஊரெல்லாம் சொல்வதும், ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்று விசாரிக்காமலே அதிகாரி சொல்வதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

மருத்துவத் துறையில் இதற்கு ஒரு பொதுப்பெயர் உண்டு: தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகமான நிகழ்வு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.இ.எஃப்.ஐ. என்பார்கள். ஊசி போட்ட பிறகு உடலுக்கு வந்த எந்தத் தொல்லையும் இதில் அடங்கும். காரணம் என்ன என்பதை இந்தப் பெயர் சொல்லாது. முதலில் பதிவு செய், அப்புறம் காரணம் தேடு என்பதுதான் முறை.

1976-இல் நடந்தது

தற்செயல், நிஜமான பக்க விளைவு இரண்டும் ஒரே முகாமில் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் நல்ல பாடம். 1976 தொடக்கத்தில் நியூ ஜெர்சி மாநிலத்து ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு புதிய ஃப்ளூ வைரஸ் தென்பட்டது. 1918-இல் உலகையே உலுக்கிய கொள்ளைநோய் திரும்பி வருகிறதோ என்ற பயத்தில், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். அக்டோபர் 1 அன்று ஊசி போடத் தொடங்கினார்கள்.

அடுத்த சில நாட்களில் பிட்ஸ்பர்க் நகரில், ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். ஒரே இடம், ஒரே ஊசி, மூன்று சாவு. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? பல மாநிலங்கள் அவசர அவசரமாக நிறுத்தின. விசாரித்துப் பார்த்தால், அந்த முதியவர்களின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக எதுவும் கிடைக்கவில்லை. முதியவர்களை வரிசையில் நிறுத்தி லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, அடுத்த நாளே சிலர் மாரடைப்பில் இறப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதை முன்கூட்டியே மக்களிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை என்பதுதான் கோளாறு. திட்டம் திரும்பவும் நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. நவம்பரில் மினசோட்டா மாநிலத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கில்லன் பாரே என்ற நரம்பு நோய். கால்களில் மரத்துப்போவதில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறி, சிலருக்கு மூச்சுத் தசைகளையே முடக்கிவிடும் நோய் அது. இந்த நோய் ஊசி போடாதவர்களுக்கும் வரும். ஆகவே, 'ஊசி போட்டவருக்கு வந்தது' என்பது மட்டும் போதாது. போடாதவர்களை விட அதிகமாக வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். அதிகமாகத்தான் வந்திருந்தது. ஏறக்குறைய லட்சம் பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். டிசம்பர் 16 அன்று திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் சுமார் 4.5 கோடிப் பேர் ஊசி போட்டிருந்தார்கள்.

லட்சத்தில் ஒன்று என்பது, கொள்ளைநோய் வாசலில் நிற்கும்போது தாங்கிக்கொள்ளக்கூடிய ஆபத்து. ஆனால் அந்தப் பன்றிக் காய்ச்சல் கொள்ளைநோயாக வரவே இல்லை. வராத நோய்க்கு லட்சத்தில் ஒன்று என்பது அதிகம். ஓர் ஊசி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு, எந்த நோய்க்கு எதிராக, எப்போது, யாருக்கு என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஐந்து வகைக் காரணங்கள்

உலக சுகாதார நிறுவனம் காரணங்களை ஐந்தாகப் பிரிக்கிறது. முதல் வகை, ஊசி மருந்தின் இயல்பிலேயே இருக்கும் விளைவு. தட்டம்மை ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் சிலருக்குக் காய்ச்சல் வரும். சுமார் 3,000 குழந்தைகளுக்கு ஒருவருக்கு அந்தக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் சரியாகிவிடும். கடுமையான ஒவ்வாமை பொதுவாகப் பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரும்.

இரண்டாவது, தயாரிப்பில் குறை. 1955-இல் போலியோ ஊசி அமெரிக்காவில் அறிமுகமான சில நாட்களிலேயே, ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்குப் போலியோவே வந்தது. வழக்கமாகப் போலியோ கால்களை அதிகம் தாக்கும். இந்தக் குழந்தைகளுக்கோ ஊசி குத்திய கையிலிருந்து முடக்கம் தொடங்கியது. அந்த ஒரு குறிப்பே மருத்துவர்களை உஷார்ப்படுத்தியது. பெரும்பாலான குழந்தைகள் கட்டர் என்ற ஒரே நிறுவனத்தின் மருந்தைப் போட்டிருந்தார்கள். சில தொகுப்புகளில், அதாவது ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த மருந்தில், வைரஸ் முழுவதும் சாகாமல் உயிரோடு இருந்திருக்கிறது. சுமார் 200 பேருக்குக் கை கால் முடங்கியது. 10 பேர் இறந்தார்கள். இப்போது ஒவ்வொரு தொகுப்பையும் சோதித்த பிறகே வெளியே விடும் கடுமைக்கு அந்தச் சம்பவம் ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, போடும் விதத்தில் தவறு. பெரிய முகாம்களில் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2017 மே மாதம் தெற்கு சூடானில் கபோயேட்டா பகுதியின் ஒரு கிராமத்தில் தட்டம்மை முகாம் நடந்தது. நான்கு நாளும் ஒரே சிரிஞ்சு, குளிர்ப்பெட்டி இல்லை, ஊசி போட்டவர்களுக்குப் பயிற்சி இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட 15 குழந்தைகள் கிருமித் தொற்றில் இறந்தார்கள். மருந்தில் ஒரு குறையும் கிடையாது.

நான்காவது வகையைப் பலரும் ஏதோ நடிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள்: பயத்தாலும் பதற்றத்தாலும் வரும் உடல் விளைவு. 1998 செப்டம்பரில் ஜோர்டானில் பள்ளி மாணவர்களுக்கு டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி போட்டார்கள். ஒரு வகுப்பில் சிலர் மயங்கினார்கள். செய்தி தொலைக்காட்சியில் வந்தது. பார்த்த மற்றப் பள்ளி மாணவர்களுக்கும் தலைசுற்றல், நெஞ்சு வலி. 800 பேருக்கும் மேல் பாதிப்பு என்றார்கள். 122 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மிகப் பெரும்பாலோருக்கு மருந்தால் எதுவும் ஆகவில்லை. ஆனால் தலைசுற்றலும் வாந்தியும் பொய்யல்ல. உடம்பு நிஜமாகவே அப்படித்தான் நடந்துகொள்ளும். 'நடிக்காதே' என்று அதட்டினால் கூட்டம் இன்னும் பயப்படும். தனியறைக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, நாடி பார்த்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் மருந்து. வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் கண்ணில் படாதபடி ஊசி போடும் இடத்தை மறைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

ஐந்தாவது தற்செயல். அதைப் பற்றித்தான் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டாயிற்று.

வகுப்பறைக்குள்

பள்ளியில் நடக்கும் தட்டம்மை–ரூபெல்லா முகாமுக்கு வருவோம். கிராம சுகாதார செவிலியர் குளிர்ப்பெட்டியோடு வந்து இறங்குகிறார். உள்ளே சிறு குப்பிகளில் பொடியாக மருந்து. தனியாக, அதைக் கரைக்கும் நீர். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஒரு குப்பியில் 10 டோஸ். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சடித்திருக்கும். குப்பி சூடு பட்டிருந்தால் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு.

கரைத்த உடனே செவிலியர் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. குப்பியின் மேல் நேரத்தை எழுத வேண்டும். 10.20 என்று எழுதினால் 2.20-க்கு அந்தக் குப்பியின் ஆயுள் முடிந்தது. இந்தியாவில் நான்கு மணி நேரம்தான் கெடு. உள்ளே இன்னும் ஆறு டோஸ் மிச்சம் இருந்தாலும் போடக்கூடாது. இந்த மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. ஒருமுறை கிருமி உள்ளே போய்விட்டால் அங்கேயே பெருகும். மருந்து வீணாகிறதே என்று மனசு கேட்காமல் சாயங்காலம் வரை வைத்திருந்து போடுவது தெற்கு சூடான் கதையின் சின்ன வடிவம். கணக்குக் கேட்கும் மேலதிகாரி 'ஏன் இவ்வளவு வீணாச்சு?' என்று மட்டும் கேட்டால், செவிலியர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை. வீணாவதற்குத் திட்டத்திலேயே இடம் வைத்திருக்க வேண்டும்.

வலது மேற்கையில் தோலுக்கடியில் 0.5 மில்லி. ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு; இரண்டாம் முறை இழுக்கவே முடியாது. இடது கட்டை விரலில் மையால் ஓர் அடையாளம். அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தைப் பலரும் சம்பிரதாயமாக நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் நிமிடங்களில் வந்துவிடும். அங்கேயே இருந்தால் காப்பாற்றலாம். பேருந்தில் இருந்தால் கஷ்டம். பக்கத்தில் ஒரு பெட்டியில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். மயக்கம் வேறு, ஒவ்வாமை வேறு என்று பிரித்தறிவதுதான் அங்கே திறமை. வெறும் மயக்கத்தில் முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகும். படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் சீக்கிரம் தெளியும். கடும் ஒவ்வாமையில் உடம்பெங்கும் தடிப்பு, உதடும் முகமும் வீக்கம், மூச்சு இழுப்பு, நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும், படுத்தாலும் தெளியாது. அப்போது தாமதிக்காமல் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் போட்டு, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

குப்பியைத் தூக்கி எறியாதே

சரி, ஒரு குழந்தைக்கு ஊசிக்குப் பிறகு ஏதோ பெரிதாக நடந்துவிட்டது. மரணம், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் பாதிப்பு, நிரந்தர ஊனம், ஒரே இடத்தில் பலருக்குத் தொல்லை, இவற்றில் எது நடந்தாலும் உடனே தொலைபேசியில் மேலே சொல்ல வேண்டும். இந்திய விதிமுறைப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்து வடிவ அறிக்கை. பெற்றோரோ ஊரோ கவலைப்பட்டுக் கேள்வி கேட்டால் அதுவும் பதிவு செய்ய வேண்டிய நிகழ்வுதான். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவரீதியில் ஒன்றுமில்லை என்றாலும், ஊர் பயந்துவிட்டால் அதுவே விசாரணைக்குப் போதிய காரணம் என்று ஒத்துக்கொள்கிறது.

விசாரணை எப்படி நடக்கும்? அந்தக் குழந்தைக்குப் போட்ட குப்பியில் மருந்து எடுத்த மற்ற ஒன்பது பேர் யார், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்காகவே பயன்படுத்திய குப்பிகளை உடனே எறியாமல் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒன்பது பேரில் பலருக்கும் காய்ச்சலும் வாந்தியும் இருந்து, பக்கத்துக் குப்பிக்காரர்கள் நன்றாக இருந்தால், அந்தக் குப்பியில் கிருமி புகுந்திருக்கலாம். அன்று அந்த முகாமில் போட்ட எல்லோரும் சுருண்டு விழுந்து, பத்து மைல் தள்ளி அதே தொகுப்பைப் போட்டவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால், கரைக்கும்போது ஏதோ தவறு நடந்திருக்கிறது. வெவ்வேறு மாவட்டங்களில், வெவ்வேறு செவிலியர்கள் போட்டும், ஒரே தொகுப்பு எண் உள்ள மருந்துக்கு மட்டும் தொல்லை என்றால் பார்வை தொழிற்சாலையை நோக்கித் திரும்ப வேண்டும். ஒரே ஒரு குழந்தை, சுற்றியுள்ள எல்லோரும் நலம் என்றால், மிக அரிதான எதிர்விளைவு அல்லது தற்செயல். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை; வீடு வீடாகப் போய்க் கேட்கும் கால்கள் போதும்.

ஆய்வுக்கூட வேலையும் உண்டு. மருந்து மாதிரியை இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் இருக்கும் மத்திய மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். வழியில் குளிர் தப்பினால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை என்பதால் அதை அனுப்புவதே ஒரு தனி வேலை. இறந்த குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனை முக்கியம். பல குடும்பங்கள் மறுத்துவிடும். அப்போது வீட்டாரிடம் உட்கார்ந்து, கடைசி சில நாட்களில் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டது, எங்கே படுத்தது என்று கேட்டு எழுதுவார்கள். பிறகு குழந்தை மருத்துவர், கிருமியியல் நிபுணர், மருந்து ஆய்வாளர் போன்றோர் கொண்ட குழு உட்கார்ந்து, ஐந்து காரணங்களில் எது என்று முடிவெடுக்கும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று மட்டங்களில் குழுக்கள் உண்டு. சில சமயம், 'இருக்கும் தகவலை வைத்துச் சொல்ல முடியாது' என்பதும் ஒரு முடிவுதான். படிக்கும் நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நேர்மையான பதில் அது.

இன்னொன்று. ஒரு மாவட்டத்தில் பாதகமான நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால், அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை. யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். லட்சக்கணக்கில் போட்டால் நாலு பேருக்காவது வலிப்பு வந்திருக்கும். பதிவுகள் கூடுவது பெரும்பாலும் கண்கள் திறந்திருப்பதற்கு அடையாளம். வாட்ஸப்பில் 'இந்த ஊசியால் இத்தனை ஆயிரம் புகார்கள்' என்று வருவதைப் படிக்கும்போது, அவை புகார்கள் மட்டும்தான், காரணம் நிரூபணமானவை அல்ல என்பதை மனதில் வைக்கவேண்டும்.

என்ன பேசுவது

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியது. 9 மாதத்திலிருந்து 15 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஊசி. தமிழ்நாட்டில் முகாம் தொடங்கும் முன்பே வாட்ஸப் முந்திக்கொண்டது. இந்த ஊசி எதற்கு, வெளிநாட்டுச் சதியா, பிள்ளைக்கு வலிப்பு வருமா என்று ஒலிப்பதிவுகள் சுற்றின. பெற்றோர் பலர் அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிக்க நினைத்த முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. வதந்திக்கு இடம் கொடுத்தது, என் பார்வையில், சதிகாரர்களை விட வெற்றிடம்தான். ஏற்கெனவே சின்ன வயதில் தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் என்ற நியாயமான கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். பதில் எளிதுதான்: முதல் ஊசி எல்லோருக்கும் பிடிப்பதில்லை, ரூபெல்லா பாதுகாப்பு பழைய ஊசியில் இல்லை, கூடுதலாக ஒரு டோஸ் போடுவதால் கெடுதல் இல்லை.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஊடகங்கள் முன்னிலையில் பேசினார். மறுநாள் மாரடைப்பு; 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அதிகாரிகளும் உடனே சொன்னார்கள். சில மாதங்கள் கழித்து, தேசியக் குழுவும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. இருந்தும் முதல் நாள் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 'இத்தனை சீக்கிரம் எப்படித் தெரிந்தது?' என்று கேட்டார்கள். அடைப்புக்கு அடிப்படையான கொழுப்பு ரத்தக்குழாயில் ஒரே நாளில் படிவதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும், தொலைக்காட்சி பார்ப்பவருக்குத் தெரியாது. 'இதுவரை தெரிந்தது இது. முறையான விசாரணை நடக்கிறது. முடிவை இன்ன தேதியில் வெளியிடுவோம்' என்ற மூன்று வாக்கியமும் சொல்லி, அதே தேதியில் வந்து நின்றும் இருந்தால், உண்மை அதேதான் என்றாலும் மக்கள் வாங்கிக்கொண்ட விதம் வேறாக இருந்திருக்கும்.

அதே கொரோனா காலத்தில் கண்காணிப்பு நன்றாக வேலை செய்ததற்கும் உதாரணம் உண்டு. 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் சில நாடுகள், ஆஸ்ட்ராஜெனிகா ஊசி போட்ட சிலருக்கு அசாதாரணமான ரத்த உறைவும், கூடவே ரத்தத் தட்டணுக்கள் குறைவதும் சேர்ந்து வருவதைக் கவனித்தன. இந்த இரண்டும் ஒன்றாக வருவது விநோதம். அதனால்தான் சட்டென்று கண்ணில் பட்டது. மிக அரிது, ஆனால் நிஜம். பிரிட்டன் இளையவர்களுக்கு வேறு ஊசி கொடுக்க முடிவு செய்தது. டென்மார்க் அந்த ஊசியையே கைவிட்டது. ஒரே தகவல், இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள். டென்மார்க்கில் அப்போது நோய் கட்டுக்குள் இருந்தது, வேறு ஊசிகளும் கையில் இருந்தன.

நிறுத்துவதற்கும் பக்க விளைவு உண்டு

ஏதாவது நடந்தால் உடனே நிறுத்து என்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பான முடிவாகத் தோன்றும். சமோவாவில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பசிபிக் பெருங்கடலில் சுமார் 2 லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. 2018 ஜூலை 6 அன்று சவாயீ தீவின் மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைகள் இருவர், தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ரூபெல்லா ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தார்கள். பொடியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்வு மருந்தை எடுத்துக் கலந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது பயன்படும் மருந்து அது. குழந்தையின் மூச்சுத் தசைகளை அப்படியே முடக்கிவிடும். இதே தவறு 2014-இல் சிரியாவின் இத்லிப் பகுதித் தட்டம்மை முகாமிலும் நடந்து 15 குழந்தைகள் இறந்திருந்தார்கள். தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வேறு எந்த மருந்தும் வைக்கக்கூடாது என்ற விதி எவ்வளவு முக்கியம் என்று அப்போதே உலகுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சமோவா அரசு நாடு முழுவதும் அந்த ஊசியை நிறுத்தியது. விசாரணை, வழக்கு என்று மாதங்கள் ஓடின. ஊசி போட்ட செவிலியர்கள் இருவருக்கும் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மருந்தில் குறையில்லை, கலந்ததில்தான் தவறு என்று தெரிந்த பிறகும், ஊசி போடும் வேலை பழைய நிலைக்கு வரவில்லை; பெற்றோரின் நம்பிக்கையும் திரும்பவில்லை. 2018-இல் முதல் டோஸ் போட்ட குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ற நிலைக்கு இறங்கியது. 2019 அக்டோபரில் தட்டம்மை பரவுவதாக அரசு அறிவித்தது. 5,700 பேருக்கும் மேல் நோய், 83 சாவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். நவம்பரில் அரசு அவசரநிலை அறிவித்தது. டிசம்பர் 5, 6 தேதிகளில் அலுவலகங்களையும் கடைகளையும் மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, குழுக்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டன.

இரண்டு குழந்தைகள் இறந்த அன்று நிறுத்தியதில் தவறில்லை. காரணம் தெரியாதபோது கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கத்தான் வேண்டும். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்பதில் அளவு வேண்டும். சந்தேகத்துக்குரிய தொகுப்பையா, அந்த மருத்துவமனையையா, நாடு முழுவதையுமா? எந்த நிபந்தனை நிறைவேறினால் மறுபடி தொடங்குவோம் என்பதை நிறுத்தும் அன்றே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தியதை யாரும் துணிந்து தொடங்கமாட்டார்கள். தொடங்கி ஏதாவது ஆனால் பழி தன் தலையில். தொடங்காமல் நோய் வந்தால் பழி யார் தலையிலும் இல்லை. அதிகாரிகள் இப்படி யோசிப்பது இயல்பு. அதனால்தான் தனி மனிதரின் துணிச்சலுக்கு விடாமல் விதியாக எழுதவேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கிராமத்துக்கே போய் ஊசி போடும் முறையைச் சுருக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். மருத்துவர் பக்கத்தில் இருப்பார் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படை ஊசிகளும் போட்ட குழந்தைகள் 2005–06-இல் 81 சதவீதம். 2015–16-இல் 70 சதவீதம். இந்த ஒரு மாற்றம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தடுப்பூசியில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலத்தில் இந்த எண் இறங்கியது சாதாரண விஷயமும் அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

ஊசிக்கு முன், பிள்ளைக்கு முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா, இப்போது கடும் காய்ச்சல் இருக்கிறதா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். குப்பியைத் திறந்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல செவிலியர் கோபிக்கமாட்டார். அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் இருந்தால் பயம் வேண்டாம். மூச்சுத் திணறல், வலிப்பு, விடாத அழுகை, எழுப்பினாலும் எழாத சோர்வு, இதில் ஏதாவது என்றால் உடனே மருத்துவமனை. தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்பது மருத்துவருக்குத் தேவைப்படும்.

அப்புறம், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாலும், ஊசி போட்ட செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். நம் ஊரில் பதிவாகாமல் போகும் நிகழ்வுகளில் பல இந்த இடைவெளியில்தான் காணாமல் போகின்றன. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் சுகாதார உதவி மையம் இருக்கிறது. மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்ய, இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. பாதகமான நிகழ்வுகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்ய வழி வேண்டும், பெயர் விவரங்களைக் காத்து அந்தத் தகவல் எல்லோருக்கும் கிடைக்கவும் வேண்டும் என்று கொரோனா ஊசி வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.